வலை ஏறிய தமிழ் – 9: கொம்பு உடைந்த பக்கம்

சென்ற வாரம் 1999 பிப்ரவரியில் நிறுத்தியிருந்தோம். சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களும் வெளியே வந்தன. டாம் தமிழுக்கு மட்டும். டாப், தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத. அதே ஆண்டு ஜூனில் தமிழக அரசு இவற்றை ஏற்று ஆணையும் பிறப்பித்துவிட்டது.

வெளிநாட்டுத் தமிழர்களோ, மின்னஞ்சலில் மாதக்கணக்கில் வாதாடி உருவாக்கிய டிஸ்கி என்ற குறியேற்றத்தை விடுவதாக இல்லை. நாளிதழ்கள் அவரவர் அச்சுக்கோப்பு எழுத்துருவிலேயே வலையேறின.

ஆணை கோட்டையில் பிறந்துவிட்டது. அம்பத்தூரில் ஒருவர் கணினி முன் உட்கார்ந்து ஒரு தமிழ்த் தளத்தின் முகவரியைத் தட்டினால் என்ன தெரியும்?

*

ப்ளைவுட் தடுப்புக்குள்

2000களின் தொடக்கம். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, ஆவடி மார்க்கெட் பக்கம், பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் என்று பிரவுசிங் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்தன. ப்ளைவுட் தடுப்பு, அரைத் திரைச்சீலை, விண்டோஸ் 98, மணிக்கு இத்தனை என்று கட்டணம். எஸ்டேட் கம்பெனிக்கு பயோடேட்டா அனுப்ப வந்த ஐ.டி.ஐ. பையன்களும், துபாயில் இருக்கும் மகனுக்கு மெயில் போட வந்த பெரியவர்களும் வரிசையில் காத்திருப்பார்கள்.

இவர்களில் ஒருவர் டிஸ்கியில் எழுதிய பக்கத்தைத் திறந்தால் திரை முழுக்கக் குப்பை கொட்டும். 'த' வரவேண்டிய இடத்தில் முக்கால் என்ற பின்னக்குறி. 'ந' வரவேண்டிய இடத்தில் தலைகீழாக நிற்கும் ஸ்பானிஷ் கேள்விக்குறி. மற்ற இடங்களில் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்.

காரணம் எளிது. அன்றைய குறியேற்றத்தில் இருந்த 256 இடங்களில் முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விடும். மீதி இடங்களில் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் ஏற்கெனவே குடியிருந்தன. டிஸ்கி அந்த வீடுகளில் தமிழை உள்வாடகைக்கு வைத்தது. சரியான எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் பழைய குடித்தனக்காரர்கள்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

பரிகாரம் உண்டு. எழுத்துருவை இறக்கி, ஜிப்பைப் பிரித்து, ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட வேண்டும். பிறகு உலாவியின் என்கோடிங் பட்டியலில் 'யூசர் டிஃபைன்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த நாளிதழுக்கு அடுத்த எழுத்துரு, மறுபடியும் முதலிலிருந்து. வீட்டில் கணினி வைத்திருந்தவர்கள் இதைச் செய்தார்கள். சென்டரில் உட்கார்ந்தவருக்கு அந்த வழியும் கிடையாது. "ஃபான்ட் எல்லாம் ஏத்தாதீங்க சார், சிஸ்டம் போயிடும்" என்று கல்லாவிலிருந்தே குரல் வரும்.

அதே தெருவில் டி.டி.பி. கடைக்காரர் பேஜ்மேக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். செந்தமிழ், வானவில், இளங்கோ, ஸ்ரீலிபி என்று அவரிடம் இல்லாத எழுத்துருக் குடும்பம் இல்லை. கணினித் தமிழுக்கு அன்றைக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு கணினியில் அடித்தது இன்னொரு கணினியில் தெரியாது, அவ்வளவுதான். பத்திரிகை தாளில் போனது, அதனால் அவருக்கு அது பிரச்சினையாகவே படவில்லை.

*

இரண்டு கம்பெனி, இரண்டு கோப்பு

வாசகர் எழுத்துருவை ஏற்ற மாட்டார் என்றால், பக்கத்தோடு சேர்த்தே எழுத்துருவையும் அனுப்பினால் என்ன?

இந்த யோசனைக்கு வழி 1997லேயே திறந்திருந்தது, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. நெட்ஸ்கேப் தன் நான்காம் பதிப்பில் பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக் நுட்பத்தைச் சேர்த்தது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிளோரர் 4இல் தன் சொந்தக் கோப்பு வகையைக் கொண்டுவந்தது. ஒன்று மற்றொன்றுக்குப் புரியாது. 1998 மே மாதம் வெளியான, வலைப்பக்க வடிவமைப்புக்கான சி.எஸ்.எஸ். 2 தரத்திலேயே எழுத்துருவைப் பக்கத்தோடு இணைக்கும் விதி இருந்தது. ஆனால் எந்தக் கோப்பு வகையை எல்லா உலாவிகளும் ஏற்க வேண்டும் என்பதில் ஒற்றுமை வரவில்லை. பிறகு 2.1 என்று திருத்தி எழுதியபோது அந்தப் பகுதியையே வெட்டிவிட்டார்கள்.

இப்படிப் பக்கத்தோடு சேர்ந்து வரும் எழுத்துருவுக்குத் தமிழில் 'இயங்கு எழுத்துரு' என்று பெயர் வைத்தோம். தமிழ்த் தளங்கள் சில இரண்டு கோப்புகளையும் தயார் செய்து இரண்டு உலாவிக்கும் பரிமாறின. 2000ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் 6 வந்தபோது ட்ரூடாக்கையே கைவிட்டது. அதை நம்பிக் கட்டிய பக்கங்கள் புதிய உலாவியில் மீண்டும் முக்காலும் தலைகீழ்க் கேள்விக்குறியுமாக மாறின.

மிஞ்சியது மைக்ரோசாஃப்ட் வழி. அதற்கு ஒரு பூட்டு உண்டு: எழுத்துருக் கோப்பை வழக்கமாக ஒரு குறிப்பிட்ட தள முகவரியோடு கட்டிவைப்பார்கள். அந்த முகவரியில் திறந்தால்தான் வேலை செய்யும். பக்கத்தை ஃப்ளாப்பியில் சேமித்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தால் தமிழ் வழியிலேயே இறங்கிவிட்டிருக்கும்.

இந்தக் கட்டத்தில் ஒருவரைச் சொல்லாமல் நகரக் கூடாது. அதிராம்பட்டினத்து உமர்தம்பி. தேனீ என்ற யூனிகோட் எழுத்துருவையும் அதன் இயங்கு வடிவத்தையும் உருவாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கொடுத்தார். யூனிகோட் எழுத்துரு இல்லாத பழைய விண்டோஸிலும் தமிழ் தெரிய அது உதவியது. 2006இல் காலமானார். மாநாட்டு மேடைகளில் பேசப்பட்ட பலருடைய வேலையைவிட அவருடைய வேலை அதிக வாசகர்களைத் தொட்டது என்பது என் கணிப்பு.

*

பெயரில்லாத ஒரு பெட்டி

எழுத்துருவோடு மல்லாடிக்கொண்டிருந்த இந்தக் காலம் முழுவதும் யூனிகோட் ஓரமாக நின்றுகொண்டுதான் இருந்தது. 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி உண்டு. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பார்த்து அமைத்தது அது. யாருடைய இடத்திலும் உள்வாடகை கிடையாது. 'த' எந்த நாட்டில் திறந்தாலும் 'த'தான்.

பிறகு ஏன் பத்தாண்டுத் தாமதம்?

யூனிகோட் சேமிப்பது ஒலி வரிசையை. 'கொடி' என்று எழுதினால் உள்ளே க, ஒகரக் குறி, ட, இகரக் குறி என்று நான்கு குறிகள் வரிசையாக இருக்கும். திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய எழுத்துருவுக்கும் திரைக்கும் நடுவில் ஒரு நிரல் தேவை. விண்டோஸில் அதற்குப் பெயர் யூனிஸ்கிரைப். லதா என்ற தமிழ் எழுத்துருவோடும் இந்த நிரலோடும் வந்த முதல் விண்டோஸ், விண்டோஸ் 2000.

அடுத்து வந்த எக்ஸ்பியிலும் எல்லாம் இருந்தது, ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்புவதற்குக் கண்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழி அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஒரு சிறிய பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தமிழ் என்ற பெயரே கிடையாது. சிக்கலான எழுத்து முறைகள், வலமிருந்து இடமாக எழுதும் மொழிகள், தாய்லாந்து மொழி உட்பட என்று ஆங்கிலத்தில் இருக்கும். டிக் அடித்தவுடன் எக்ஸ்பி சி.டி.யைக் கேட்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்து வாங்கிய பெட்டிக்கு சி.டி. யாரிடம் இருந்தது? போட்டுக் கொடுத்த பையனைத் தேடிப் போக வேண்டும்.

இதிலும் எக்ஸ்பிளோரர் ஒரு படி முந்திக்கொண்டது. விண்டோஸ் தூங்கினாலும் அது யூனிஸ்கிரைபைத் தானே நேராக அழைத்துக்கொள்ளும். அதனால் டிக் அடிக்காத கணினியிலும் எக்ஸ்பிளோரரில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. புதிய பதிப்பும் எழுத்துருவும் ஏறியிருந்தால் விண்டோஸ் 98இல்கூடத் தெரிந்தது.

2003 வாக்கில் நிலைமை சூடுபிடித்தது. முகுந்தராஜின் இ-கலப்பை ஆங்கில விசைப்பலகையில் தமிழ் உழ வழி செய்தது. சுரதா யாழ்வாணனின் மாற்றி, பழைய எழுத்துருக் குப்பையை ஒட்டினால் யூனிகோடாகத் திருப்பித் தந்தது. தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். யூனிகோடா டிஸ்கியா என்ற வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டதுபோலவே இருந்தது.

அப்போதுதான் நரி வந்தது.

*

வலது ஓரம்

2004 நவம்பர் 9. மோசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளியானது. தமிழர்கள் ஆசையாக 'நெருப்புநரி' என்று பெயர் வைத்தார்கள். இலவசம், கட்டற்ற மென்பொருள், எக்ஸ்பிளோரரைவிட வேகம், வைரஸ் தொல்லை குறைவு. கணினித் தமிழுக்காக உழைத்த பலருக்குக் கட்டற்ற மென்பொருள்மேல் காதல் இருந்த காலம். போகும் இடமெல்லாம் சிபாரிசு செய்தார்கள்.

அந்த நரியில் தமிழ்ப் பக்கங்கள் பல உடைந்து தெரிந்தன.

எக்ஸ்பியில் டிக் அடிக்காதவர்களுக்கு உடைந்தது புரிந்துகொள்ளக்கூடியது. நெருப்புநரி எழுத்தை வரைய விண்டோஸைத்தான் கேட்கும், விண்டோஸ் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் டிக் அடித்து, சி.டி. போட்டு, எல்லாம் முறையாகச் செய்தவர்களுக்கும் சில தளங்கள் உடைந்தன. சில தளங்கள் ஒழுங்காக இருந்தன. எழுத்துரு ஒன்று, குறியேற்றம் ஒன்று, கணினியும் ஒன்று. ஒரே தளத்தில்கூடத் தலைப்பு சரியாக இருக்கும், கட்டுரை உடைந்திருக்கும்.

தோண்டிப் பார்த்தால் குற்றவாளி வடிவமைப்புக் கோப்பில் ஒற்றை வரியாக உட்கார்ந்திருந்தது: டெக்ஸ்ட்-அலைன், ஜஸ்டிஃபை.

அச்சிதழ்போல இடது ஓரமும் வலது ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று கேட்கும் வரி அது. நாளிதழ் படித்து வளர்ந்த கண்ணுக்கு அதுதான் அழகு, எனவே தமிழ் வார்ப்புருக்களில் தாராளமாக இருந்தது. வலது ஓரத்தை நேராக்க வேண்டுமானால் உலாவி ஒவ்வொரு வரியிலும் மிச்சமாகும் இடத்தைச் சொற்களுக்கு நடுவில் பங்கிட வேண்டும். அன்றைய நெருப்புநரியின் வரைபொறியான கெக்கோ அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தது. இடைவெளியைக் கூட்டிக்குறைக்க வேண்டிய வரி என்றால், அந்த வரியின் குறிகளைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றாக வரைந்துவிடும்.

ஆங்கிலத்துக்கு அதனால் நட்டம் ஒன்றுமில்லை. அங்கே குறி ஒன்று என்றால் எழுத்தும் ஒன்று.

தமிழுக்கு அது கோடாலி. 'கொடி'யின் நான்கு குறிகளும் நான்கு தனி உருப்படிகளாக யூனிஸ்கிரைபிடம் போகும். முதலில் வெறும் 'க'. அடுத்து ஒகரக் குறி தனியாக வரும், ஒட்டிக்கொள்ள மெய் எதுவும் இருக்காது. யூனிஸ்கிரைப் அந்த வெற்றிடத்தில் ஒரு புள்ளிவட்டம் போட்டு, அதற்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வரையும். பிறகு 'ட'. பிறகு இன்னொரு புள்ளிவட்டத்தின்மேல் இகரத்தின் சுழி. இப்படியே ஒரு கட்டுரை முழுவதும்.

பத்தியின் கடைசி வரி மட்டும் தப்பிக்கும். அதை ஓரத்துக்கு இழுக்கத் தேவையில்லை அல்லவா, அதனால் அது குறுக்கு வழிக்குள் போவதில்லை. உடைந்த பத்து வரிகளுக்கு அடியில் அழகான தமிழில் அரை வரி. இந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, எழுத்துருமேல் பழி போட முடியாது என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

தமிழுக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை இது. இந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் எல்லாம் உடைந்தன. தளம் நடத்தியவர்கள் கண்டுபிடித்த மருந்து, அந்த வரியை நீக்கிவிடுவது. வலது ஓரம் கந்தலாக நிற்கும், தமிழாவது பிழைக்கும். 2005, 2006இல் தமிழ்ப் பக்கம் நடத்திய எவருக்கும் இந்தப் புகார் வராமல் இருந்திருக்காது: "உங்க பக்கம் நெருப்புநரியில உடைஞ்சு தெரியுது, ஜஸ்டிஃபையை எடுத்துடுங்க."

கட்டற்ற மென்பொருளின் தொண்டர்கள் வீட்டில் நெருப்புநரி வைத்துக்கொண்டு, தமிழ் படிக்க மட்டும் எக்ஸ்பிளோரரைத் திறந்தார்கள். அவர்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

*

247 இடம் கேட்டவர்கள்

உடைந்த கொம்பு தொழில்நுட்பப் புகாராக மட்டும் நிற்கவில்லை.

யூனிகோடில் தமிழுக்குத் தந்த இடம் போதாது என்று வாதிட்ட ஓர் அணி தொடக்கத்திலிருந்தே இருந்தது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும், வரைவதற்கு நடுவில் ஒரு நிரலை நம்பியிருக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். இதுவே பின்னால் டேஸ் 16 என்ற குறியேற்றமாக உருவெடுத்தது.

நெருப்புநரி உடைத்த ஒவ்வொரு பக்கமும் அவர்களுக்கு ஒரு சாட்சி. 'கொ'வுக்கு என்று ஓர் இடம் இருந்திருந்தால், குறிகளைப் பிரித்து வரைந்தாலும் 'கொ' உடைந்திருக்காது. தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. எதிரணி சொன்னதும் அதே அளவு நியாயம்: பிழை உலாவியில் இருக்கிறது, உலாவியைத் திருத்துவதை விட்டுவிட்டு உலகம் ஏற்ற தரத்தை ஏன் மாற்ற வேண்டும்?

இந்த வழக்கில் முடிவு சென்னையில் எழுதப்படவில்லை. மோசில்லாவின் புகார்ப் பதிவேடான பக்ஸில்லாவில் இந்திய மொழிக்காரர்கள் பதிந்த புகார்கள் காத்துக்கிடந்தன. அதன் பின்னால் பெரிய மராமத்து ஒன்று நடந்துகொண்டிருந்தது. எழுத்து வரையும் பகுதியையே கெக்கோ 1.9க்காகப் புதிதாக எழுதினார்கள். அந்த வேலையின் மையத்தில் இருந்தவர் நியூசிலாந்துக்காரர் ராபர்ட் ஓ'காலஹன். புதிய அமைப்பு முதலில் ஒரு சொற்றொடர் முழுவதையும் யூனிஸ்கிரைபிடம் கொடுத்து, எழுத்துகளின் உருவை முடிவுசெய்துகொள்ளும். இடைவெளியைப் பங்கிடுவது அதற்குப் பிறகுதான். கூட்டெழுத்தின் நடுவில் கத்தி வைக்காது.

*

2008: ஏப்ரலும் ஜூனும்

அந்த ஆண்டு ஏப்ரலில் யூனிகோட் 5.1 வந்தது. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்று சொல்லும் அதன் இணைப்பில் முக்கியமான ஒரு திருத்தம் நடந்தது. அதுவரை இருந்த விதிப்படி 'நீ' ஒரே எழுத்து, 'நி' இரண்டு துண்டு. நெடிலின் சுழி ஒரு வகையிலும் குறிலின் சுழி வேறு வகையிலும் பட்டியலிடப்பட்டிருந்ததால் வந்த வினோதம். விரிவுபடுத்திய புதிய விதி இரண்டையும் ஒன்றாக எண்ணியது. அந்த இணைப்பின் எடுத்துக்காட்டு அட்டவணையில் இன்றைக்கும் தமிழ் 'நி' உட்கார்ந்திருக்கிறது.

இது பழங்கதை என்று தோன்றினால், பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறந்த டைடல் பார்க்கில் வேலை பார்க்கும் எந்த முன்முனை நிரலாளரிடமாவது கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 'நிலா'வின் நீளத்தைக் கேட்டால் 4 என்று வரும். எழுத்துக் கணக்கில் 2 என்று சொல்ல வைக்க இன்ட்ல்.செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி வேண்டும். அதை ஃபயர்ஃபாக்ஸ் சேர்த்துக்கொண்டது 2024 ஏப்ரலில். முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் அது கிடைத்தது அதன் பிறகுதான். அதிலும் 'க்ஷ' இரண்டாகத்தான் எண்ணப்படும்.

மீண்டும் 2008. ஜூன் 17. ஃபயர்ஃபாக்ஸ் 3 வெளியானது. ஒரே நாளில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிக் கின்னஸில் இடம்பிடித்தது உலகத்துக்குச் செய்தி. தமிழர்களுக்குச் செய்தி வேறு: வலது ஓரம் நேராக நின்றது, கொம்பு உடையவில்லை. கெக்கோ இப்போது யூனிஸ்கிரைபை நேராக அழைக்கக் கற்றுக்கொண்டிருந்ததால், எக்ஸ்பி பெட்டியின் டிக் தொல்லையும் பெரும்பாலும் தீர்ந்தது.

தமிழ்த் தளங்கள் இதற்காக ஒரு வரிகூட மாற்றவில்லை. நேற்று உடைந்த பக்கம் இன்று சரியாகத் தெரிந்தது.

தமிழக அரசு யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி. யூனிகோட் எடுபடாத இடங்களில் டேஸ் 16 என்று ஆணை இரண்டு அணிக்கும் இடம் கொடுத்தது. அதற்குள் வலையில் தமிழ் எழுதியவர்கள் பெரும்பாலும் யூனிகோடுக்குக் குடிபெயர்ந்து முடித்திருந்தார்கள்.

*

மேசைக் கணினியில் போர் ஓய்ந்த அந்த நேரத்தில், வாசகர்கள் மேசையை விட்டு எழுந்துவிட்டார்கள்.

2010 வாக்கில் திருவள்ளூர் லோக்கலில் பட்டாபிராமிலும் ஆவடியிலும் ஏறியவர்கள் கையில் நோக்கியாவோ புதிதாக வந்த ஆண்ட்ராய்டோ இருந்தது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள். முக்காலும் தலைகீழ்க் கேள்விக்குறியும்கூட இல்லை, வெறும் கட்டங்கள்.

பிறகு ஒரு தந்திரம் வாய்வழியாகப் பரவியது. ஓபரா மினி உலாவியின் முகவரிப் பெட்டியில் ஓபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று தட்ட வேண்டும். திறக்கும் பட்டியலின் அடியில், சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் எழுத்துரு வேண்டுமா என்ற கேள்விக்கு 'யெஸ்' கொடுத்துச் சேமிக்க வேண்டும். கட்டங்கள் மறைந்து தமிழ் வரும். ஆனால் அந்தத் தமிழைக் கைபேசி வரையவில்லை. எங்கோ இருந்த ஓபராவின் சர்வர் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பியது.

ஆண்ட்ராய்டின் மூல நிரல் உலகத்துக்கே திறந்து கிடந்தது. அதற்குள் தமிழ் வரையும் நிரலைக் கொண்டுபோய் வைக்கப்போவது யார், கூகுளா, கைபேசி விற்கும் கம்பெனிகளா, நெருப்புநரியில் பாடம் படித்த அதே ஆட்களா?

(அடுத்த வாரம்)